பதவியில் இருப்பவரே மறுபடி ஜெயிப்பது ஏன்?

"ஐந்து வருஷம் திட்டித் தீர்த்துவிட்டு கடைசியில் அவருக்கே ஓட்டுப் போடுகிறோமே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேரளத்தில் இருக்கும் எங்கள் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியையே பாருங்கள். காங்கிரஸின் ஏ.கே.மணி 1991, 1996, 2001 என மூன்று முறை. அப்புறம் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ்.ராஜேந்திரன் 2006, 2011, 2016 என மூன்று முறை. இதில் 1996-ல் கேரளத்தில் இடது அணி ஆட்சிக்கு வந்தது, 2011-ல் காங்கிரஸ் அணி. அலை எதிராக அடித்தும் இருவரும் தப்பினார்கள்.

என் கணக்கில் முக்கியக் காரணம் லெட்டர் பேடுதான். சாதிச் சான்றிதழ் இழுபறியா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவி வேண்டுமா, தேயிலைத் தோட்டத் தொழிலாளி போய் நிற்பது எம்.எல்.ஏ. ஆபீசில். இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த வீட்டு ஓட்டு மொத்தமும் அவருக்கு. எதிர்த்து நிற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையெழுத்துக்கு எந்த ஆபீசிலும் மதிப்பில்லை.

அடுத்தது நிதி. எம்.பி. என்றால் தொகுதி மேம்பாட்டுக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கட்டிய நிழற்குடையில் அவர் பெயர் இருக்கும். தேர்தல் நேரத்தில் அதைக் காகிதம் ஒட்டி மறைப்பார்கள். அடியில் யார் பெயர் என்று ஊருக்கே தெரியும்!

முதல்வர் பதவியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆந்திர எல்லையில் தமிழர்களும் வாழும் குப்பம் தொகுதியில் சந்திரபாபு நாயுடு 1989 முதல் 2024 வரை தோற்றதே இல்லை.

ஆனால் இந்தியா முழுக்க இப்படி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் மறுபடி நிற்பவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஜெயிப்பது வழக்கம். இங்கே அதிருப்தி ஓட்டு பலமானது. எங்கள் தொகுதியில் 2021-ல் இரண்டு முறைக்கு மேல் சீட் இல்லை என்று மார்க்சிஸ்ட் கட்சி கறாராகச் சொல்லி ராஜேந்திரனை மாற்றியது. புதிதாக நின்ற ஏ.ராஜாவும் ஜெயித்தார். அப்போது வேலை செய்தது ஆளா, கட்சியா என்று எங்கள் டீக்கடையில் இன்னும் சண்டை.