புள்ளி வைத்தால் மேலே ஏறும் டெர்மினல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாஸ்டனில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் டெக் நிறுவனத்தின் விடி220 டெர்மினல் (இன்னொரு கணினியோடு இணைத்து வேலை செய்யும் பழைய திரையும் விசைப்பலகையும்) ஒன்று கிடைத்தது. யுஎஸ்பி-சீரியல் கேபிள் போட்டு லினக்ஸ் கணினியோடு இணைத்தேன். லாகின் வருகிறது. ஆனால் நீளமான கோப்பைக் காட்டினால் நடுநடுவே வரிகள் தொலைந்து, இடவலம் மாறிய கேள்விக்குறிகள் வருகின்றன. மேன் பக்கங்களில் (லினக்ஸின் உதவிக் குறிப்புகளில்) பாதியைக் காணவில்லை. ஆசைக்கு 'அம்மா' என்று ஒரு கோப்பில் எழுதிக் காட்டச் சொன்னேன். எழுத்துகள் மேலும் கீழும் குதித்தன. டெர்மினல் பழுதா, கேபிள் பழுதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லாகின் வருகிறதல்லவா, கேபிளைத் தொடாதீர்கள். நான் இதே சந்தேகத்தில் நல்ல கேபிள் இரண்டை வெட்டி மறுபடி பற்றவைத்தவன்.

முதலில் தொலையும் வரிகள். 9600 பிட் வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் வீதம், நொடிக்கு 960 எழுத்துதான் போகும். 24 வரி, 80 எழுத்து என்றால் ஒரு திரை நிரம்ப இரண்டு நொடி. அந்த வேகத்துக்கே சில சமயம் டெர்மினலுக்கு மூச்சு வாங்கும். அப்போது அது 'நிறுத்து' என்று பொருள்படும் எக்ஸ்ஆஃப் குறியை அனுப்பும். உங்கள் கணினி அதைக் காதில் வாங்கவில்லை. டெர்மினலின் செட்-அப்பில் எக்ஸ்ஆஃப் இயங்குகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் எஸ்டிடிஒய் கட்டளை மூலம் இரு திசைக்கும் அதை இயக்குங்கள். சில மலிவான கேபிள்கள் 'நிறுத்து' வந்த பிறகும் கையிருப்பில் உள்ளதைக் கொட்டித் தீர்க்கும். அப்படியானால் வேகத்தை 4800க்கு இறக்குவதுதான் வழி.

இனி 'அம்மா'. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விடி220 வந்தது 1983இல். இன்று தமிழ் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 பிறந்தது 1992இல். 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகள் விடி220க்கு எழுத்துகளே அல்ல, கட்டளைகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. 'அ'வின் கடைசி பைட்டு 133. அதற்கு 'அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போ' என்று பொருள். போகிறது. புள்ளியின் கடைசி பைட்டு 141, 'ஒரு வரி மேலே ஏறு'. ஏறுகிறது. 'ம' எதையும் செய்யாது, சாதுவான எழுத்து. ஐகாரக் குறி (136) வந்தால் நிற்கும் இடத்தில் ஒரு டேப் நிறுத்தம் (டேப் அடித்தால் வந்து நிற்கும் இடம்) வைத்துவிடும். 'ஐ' இன்னும் வில்லங்கம்: அதன் 144, 'இனி வருவது சாதனத்துக்கான கட்டளை' என்கிறது, டெர்மினல் பின்னால் வருவதைத் திரையில் காட்டாமல் விழுங்கத் தொடங்கும். அந்தக் கட்டளைக்கு முறையான முடிவுக்குறி 156. அது எந்த எழுத்தின் கடைசி பைட்டு என்று பார்த்தால், 'ஜ'! யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனாலும் பார்த்த அன்று வெகுநேரம் சிரித்தேன்.

உங்கள் மேன் பக்கங்களைத் தின்றதும் இதே 144தான். வரிக்கடைசியில் சொல்லை உடைக்கும் இணைப்புக்கோடு யுடிஎஃப்-8இல் அந்த பைட்டில் முடிகிறது.

ஆகவே அந்த லைனில் லாகின் செய்யும்போது மட்டும் லொகேலை (நிரல்களுக்கு மொழியும் எழுத்துமுறையும் சொல்லும் அமைப்பை) யுடிஎஃப்-8 இல்லாத 'சி' என்று வையுங்கள். டெர்மினல் எந்த வகை என்று சொல்லும் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம் என்ற வேறு வகை ஆக்கும் வரி உங்கள் பாஷ் அமைப்புக் கோப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள். சீரியல் லைனுக்கு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி தானாகவே விடி220 என்றுதான் வைக்கிறது. அந்தப் பெயருக்கு இன்றும் அங்கே மரியாதை இருக்கிறது.

திரையில் தமிழ் தெரியவே தெரியாதா என்றால், குனு ஸ்கிரீன் என்ற நிரலை நடுவில் வைத்தால் குதிப்பது நிற்கும், ஆனால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். விடி220க்குள் நாமே வரைந்த 94 எழுத்துகளை ஏற்றலாம். பத்துத் திரைப்புள்ளி உயரத்தில் 'ஞூ' வரைந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

விம் எடிட்டர் பயன்படுத்துபவர் என்றால் ஒன்று: அந்த விசைப்பலகையில் எஸ்கேப் என்று தனி விசை கிடையாது. கன்ட்ரோலையும் இடது சதுர அடைப்பையும் சேர்த்து அழுத்துங்கள்.