சாப்பாடு: பூஜ்யம்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். வயது 24. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் 42,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். தோளில் ஒரு பையோடு 45 நாள் காசி, புத்தகயா, அமிர்தசரஸ், அஜ்மீர் சுற்றி, எல்லா மதத்தையும் நேரில் பார்க்க ஆசை. ரயில், பஸ் 14,000, தங்க 13,000, கைச்செலவு 15,000, சாப்பாடு 0, எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் என்னிடம் காசு கேட்பதில்லை, அதனால்தான் சேர்க்க முடிந்தது. அப்பா, 'ஊர் சுத்தப் போறியா' என்கிறார். அம்மா கொலுசுக்குச் சலங்கை கோத்தபடி பேசாமல் இருக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, இதே கடிதம் எனக்கு மாதம் நாலு வருகிறது. ஊர்ப் பெயர்தான் மாறும், வில்லன் எப்போதும் அப்பாதான். அவரை விடு. சாப்பாட்டுக்கு நேரே போட்டிருக்கிறாயே ஒரு பூஜ்யம், நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

45 நாள், மூன்று வேளை, 135 சாப்பாடு. பூஜ்யம் போடக் கை கூசவில்லையா?

அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். தலையை மூடி, தரையில் வரிசையாக உட்கார்ந்து, ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்க வேண்டும். வெளியே வந்தால் எவர்சில்வர் தட்டு கழுவுகிற சத்தம் காதைப் பிளக்கும். கழுவுகிறவர்களில் பலரும் உன்னைப் போலச் சாப்பிட வந்தவர்கள்தான். அஜ்மீர் தர்காவில் இரண்டு பெரிய தேக்சா. பெரியது அக்பர் கொடுத்தது, சின்னது ஜஹாங்கீர். அதில் வேகிற இனிப்புச் சோற்றுக்கு யாரோ ஒருவர் நேர்ந்துகொண்டு பணம் கட்டியிருப்பார். காசிக்குப் போகிறவர்களுக்கு நகரத்தார் சத்திரம் கட்டி வைத்ததும் கைக்காசில்தான். நீ மதத்தைப் பார்க்கப் போகவில்லையப்பா, ஓசி மெஸ் தேடிப் போகிறாய்.

(மதம் பார்ப்பதென்றால் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயிலுக்குப் போயிருக்கிறாயா? அந்தச் சிலை புத்தர் என்று 2022-ல் உயர் நீதிமன்றமே சொன்னது. உனக்கு டவுன் பஸ் தூரம்.)

இந்தப் பூஜ்யம் பயணத்துக்காகப் புதிதாகப் போட்டதும் இல்லை. இரண்டு வருடமாக வீட்டிலும் அதேதான் போட்டிருக்கிறாய். கேட்கவில்லையாம்! எந்த அம்மா கேட்பாள்? சம்பாதிக்கிற பிள்ளை ஒன்றாம் தேதி அம்மா கையில் பணம் வைக்க வேண்டும், அதற்கு யாரும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பழைய பஞ்சாங்கம் என்பாய், சொல்லிக்கொள். ஒவ்வொரு சலங்கையாகக் கோத்துக் கூலி வாங்குகிற கை அது. உன் 42,000-ல் அதன் பங்கு எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரியும். உன் அம்மா பேசாமல் இருப்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

போகாதே என்று சொல்லவில்லை. தாராளமாகப் போ, 30 நாளுக்கு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. இன்னும் மூன்று மாதம் தள்ளித் தேதி வைத்துக்கொள். அதற்குள் மூன்று ஒன்றாம் தேதி வரும். சாப்பாட்டுக்கு நாளுக்கு 150 வீதம் 4,500 ஒதுக்கு. இலவசமாகச் சாப்பிட்ட இடத்தில் அந்த 150 உண்டியலுக்கு. அமிர்தசரஸில் அரை நாளாவது தட்டு கழுவு. குருத்வாரா விடுதியில் சிகரெட், மது கூடாது, பையில்கூட இருக்கக் கூடாது.

அப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் பேசாதே. அந்தப் பூஜ்யத்தை அடிக்காமல் எனக்கும் மறுபடி எழுதாதே.