ஓராண்டு இடத்துக்கு ஏன் இத்தனை போட்டி? அமெரிக்க ரெசிடென்சி கேள்வி பதில்

சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள் நான். அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியில் ஓராண்டு பிரிலிம் (முன்தயாரிப்பு) மெடிசின், அடுத்து நான்காண்டு ரேடியாலஜி முடித்து இங்கேயே வேலை பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் போனதுமே தம்பி தங்கைகளிடமிருந்து இந்த ஓராண்டு இடங்களைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, ஓராண்டு இன்டர்ன்ஷிப் இடத்துக்கு ஏன் இவ்வளவு அடிபிடி? முழுப் பயிற்சி இடம் கிடைப்பதுதானே பெரிது? (சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் ஹவுஸ் சர்ஜன் ஆண்டை முடித்தவர், சென்னை)

இன்டர்னல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ் போன்றவற்றில் முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை ஒரே இடத்தில் படிக்கலாம். இதைக் கேட்டகாரிக்கல் என்பார்கள். ரேடியாலஜி, டெர்மடாலஜி, ரேடியேஷன் ஆன்காலஜி போன்ற துறைகளில் பெரும்பாலான இடங்கள் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். அந்த அட்வான்ஸ்டு இடத்துக்குப் போகுமுன் ஓராண்டு பொது மருத்துவப் பயிற்சியை வேறு எங்காவது முடித்திருக்க வேண்டும். பிரிலிம் மெடிசின், பிரிலிம் சர்ஜரி, டிரான்சிஷனல் இயர் என்று மூன்று வழிகள் உண்டு.

டிரான்சிஷனல் இயருக்கு வரிசையில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். டெர்மடாலஜிக்கும் ரேடியாலஜிக்கும் போகிறவர்கள், அதாவது தேர்வு மதிப்பெண்ணில் முன்வரிசை மாணவர்கள். இந்த ஆண்டில் விருப்பப் பாடங்களுக்கு இடம் அதிகம். வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு மாதங்கள் குறைவு. சம்பளமோ மற்ற முதலாண்டுக்காரர்களுடையதைப் போலத்தான். இடங்களும் கொஞ்சம். ஆகவே பெயர் தெரியாத ஒரு சிற்றூர் மருத்துவமனையின் டிரான்சிஷனல் இடத்துக்குக்கூட, அதே மருத்துவமனையின் மூன்றாண்டு மெடிசின் இடத்தைவிடக் கடும் போட்டி இருக்கும். 2022 ஜனவரி கடைசியில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 வெறும் தேர்ச்சி அல்லது தோல்வி என்று ஆன பிறகு, அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணை வைத்தே சலிக்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகளான நமக்கு அந்த வாசல் மிகக் குறுகியது.

பிரிலிம் மெடிசின் நடுத்தரம். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கடினம், சமூக மருத்துவமனைகளில் முயன்றால் கிடைக்கும். பிரிலிம் சர்ஜரியில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான இடங்கள் மேட்சில் (விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி இடம் ஒதுக்கும் சுற்றில்) நிரம்பாமல் நின்றுவிடுகின்றன. ஏன் நிற்கின்றன என்பதைக் கீழே யாழ்ப்பாணத் தம்பிக்கு எழுதிய பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ரேடியாலஜிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பிரிலிமுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? ரேடியாலஜி கிடைத்து பிரிலிம் கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டா? (கோயம்புத்தூர்)

இரண்டுக்கும் பதில் ஆம்தான். பலர் தடுக்கி விழுவது இங்கேதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ரேங்க் லிஸ்ட் போடும்போது முதன்மைப் பட்டியலில் ரேடியாலஜி இடங்களை வரிசைப்படுத்துவீர்கள். ஒவ்வொரு ரேடியாலஜி இடத்தோடும் ஒரு துணைப் பட்டியலை இணைக்கலாம். அதில் பிரிலிம் இடங்களும் டிரான்சிஷனல் இடங்களும் வரும். கணினி முதலில் உங்களுக்கு ரேடியாலஜி இடம் பார்க்கும். அது அமைந்த பிறகே அதனோடு இணைத்த துணைப் பட்டியலைத் திறக்கும். துணைப் பட்டியல் நீளமாக இருப்பதாலோ குட்டையாக இருப்பதாலோ ரேடியாலஜி வாய்ப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் இருவரும் திருத்தியமைத்து 1998 மேட்சிலிருந்து நடைமுறைக்கு வந்த கணக்குமுறை இது. இப்படி இரண்டு இடங்களைச் சேர்த்துக் கேட்பவர்களும், ஒரே ஊரில் இடம் கேட்கும் தம்பதிகளும்தான் அந்தக் கணக்கைச் சிக்கலாக்கியவர்கள். ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததில் இந்தப் பணிக்கும் பங்குண்டு.

துணைப் பட்டியலை ஊர்வாரியாகப் போடுங்கள். சிகாகோ ரேடியாலஜி இடத்துக்குக் கீழே சிகாகோ பிரிலிம்களை மேலே வையுங்கள். ஆனால் பட்டியலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நேர்காணலுக்குப் போன எல்லா பிரிலிமையும், பிடிக்காத ஊரையும்கூட, கடைசியில் சேர்த்துவிடுங்கள். ஓராண்டு எங்கேயும் இருந்துவிடலாம்.

மேட்ச் வாரத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் "இரண்டாம் ஆண்டு இடம் மட்டும் கிடைத்தது" என்று வருவதுண்டு. அப்போது அந்த வாரமே சோப் என்னும் துணைச் சுற்றில் முதலாண்டு இடம் தேட வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால், கையில் இருக்கும் ரேடியாலஜி இடத்துக்குப் போய்ச் சேர முடியாமல் ஆகிவிடலாம்.

விண்ணப்பத்திலும் ஒரு கவனம் வேண்டும். பிரிலிம் மெடிசினுக்கு ரேடியாலஜியைக் காதலிக்கும் கட்டுரையை அனுப்பாதீர்கள். தனிக் கட்டுரை எழுதுங்கள். மெடிசின் மருத்துவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமாவது அதில் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு கடிதங்கள் வரை தனித்தனியாக ஒதுக்கலாம். வார்டில் இரவு பகலாக உழைக்க ஆள் தேடுகிறவர்களுக்கு, நீங்கள் அந்த வார்டில் நிற்பீர்கள் என்ற நம்பிக்கை வர வேண்டும்.

கேள்வி: ஊரில் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக இருந்தேனே, அதை முதலாண்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? (மதுரை)

மாட்டார்கள். இங்குள்ள ஏ.சி.ஜி.எம்.இ. என்னும் பயிற்சி மேற்பார்வை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆண்டைத்தான் கேட்கிறார்கள். உங்கள் ராஜாஜி மருத்துவமனை அனுபவம் வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரவில் முப்பது நோயாளிகளைத் தனியாகப் பார்த்த கை, முதலாண்டில் ஜூலை மாதமே வித்தியாசத்தைக் காட்டும்.

கேள்வி: அக்கா, இரண்டு முறை மேட்ச் ஆகவில்லை. இந்த முறையும் ஆகாவிட்டால் சோப்பில் பிரிலிம் சர்ஜரியை எடுத்துக்கொள்ளலாமா? உள்ளே போய்விட்டால் வழி பிறக்கும் என்கிறார்கள். (யாழ்ப்பாணம்)

தம்பி, உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. 2024 மேட்சில் அமெரிக்க எம்.டி. மாணவர்களில் 93.5 விழுக்காட்டினருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 58.5 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. கிடைக்காதது உங்கள் குறை மட்டும் இல்லை.

பிரிலிம் சர்ஜரி இடங்களில் இரண்டு வகை உண்டு. வேறொரு துறையில் அடுத்த ஆண்டு இடம் உறுதியானவர்களுக்கானது ஒன்று. அடுத்து எங்கே என்று எதுவும் சொல்லாத ஓராண்டு இடம் மற்றது. நிரம்பாமல் நிற்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் மருத்துவமனை இடம் திறக்கிறது. ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிகிறது.

நான் பயிற்சி பெற்ற இடத்தில் என்னோடு அதே ஜூலையில் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தவர் இருந்தார். எங்களைப் போல வெளிநாட்டில் படித்தவர். காலை நான்கரைக்கு வந்துவிடுவார். வார்டு நோயாளிகள் பட்டியலை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருப்பார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் சில ஊர்ப்பெயர்கள் எழுதியிருக்கும்; அடுத்த ஆண்டுக்கு நேர்காணல் அழைப்பு வந்த ஊர்கள் அவை. அப்போதெல்லாம் நேரில்தான் போக வேண்டும். துறையில் விடுப்புத் தரவில்லை. இரவுப் பணி முடித்து, தூங்காமல் பஸ் ஏறிப் போய், மறுநாள் விடியலில் திரும்பி வந்து கத்திரி பிடித்தார். பிப்ரவரியில் ஒரு நாள் காண்டீனில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். மூன்று பெயர்கள் இருந்தன, இரண்டு அடிக்கப்பட்டிருந்தன. அந்த மார்ச்சில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. வேறோர் ஊரில் இரண்டாவது பிரிலிம் ஆண்டு செய்து, அதன் பிறகே குடும்ப மருத்துவத்தில் இடம் பெற்றார்.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவமனையில் வேலை பார்த்த ஓராண்டு, துறைத் தலைவரின் கடிதம், இவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் விருப்பம் மெடிசின் என்றால், சோப்பில் உள்ள 45 விண்ணப்பங்களில் முதலில் குடும்ப மருத்துவம், மெடிசின் கேட்டகாரிக்கல், பிறகு பிரிலிம் மெடிசின், கடைசியாகத்தான் பிரிலிம் சர்ஜரி. சர்ஜரி ஆண்டு முடித்து மெடிசினுக்குப் போனால் பெரும்பாலும் மறுபடி முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அனஸ்தீசியாவுக்கும் ரேடியாலஜிக்கும் அந்த ஆண்டு கைகொடுக்கும்.

நேர்காணலில் ஒரே ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "கடந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே பிரிலிம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" ஆள் ஆளாகச் சொல்கிற இடம் நல்ல இடம். "பலரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று மழுப்பினால் பட்டியலில் கீழே இறக்குங்கள். சோப்பில் அவர்கள் உங்களைத் தொடர்புகொள்ளும் வரை நீங்களோ உங்கள் சார்பில் வேறு யாரோ அழைக்கக் கூடாது என்பது விதி; அழைப்பு வந்த பிறகு கேளுங்கள்.

கேள்வி: டாக்டர், ஓராண்டுக்கு விசா தருவார்களா? என் மகளுக்காகக் கேட்கிறேன். (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்)

தருவார்கள் அம்மா. பெரும்பாலோர் வருவது ஜே-1 விசாவில். அதை, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் பார்த்துப் புதுப்பிக்கும். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் அதோடு முடியும். ஆகவே மகளிடம் அட்வான்ஸ்டு இடம் இருந்தால் கவலை குறைவு. இல்லையென்றால் அந்த ஓராண்டு முழுவதும் அடுத்த இடத்தைத் தேடும் ஆண்டாகவே இருக்கும். வீட்டில் எல்லோரும் அதற்குத் தயாராக இருங்கள்.

இன்னொரு கணக்கு: ஜே-1இல் பயிற்சிக்கு மொத்தம் ஏழு ஆண்டுகள் வரைதான். பிரிலிமும் அதில் சேரும். ரேடியாலஜிக்கு ஒன்றும் நான்கும் ஐந்து. மேற்பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள் மிஞ்சும். எச்-1பி விசாவுக்கு ஸ்டெப் 3 முன்பே முடித்திருக்க வேண்டும். ஓராண்டு ஆளுக்காக அந்தச் செலவையும் சட்ட வேலையையும் ஏற்கும் பிரிலிம் இடங்கள் குறைவு.

கேள்வி: பிரிலிம் செய்த மருத்துவமனை பெரிய பெயராக இருந்தால் பிற்பாடு உதவுமா? (புதுச்சேரி)

அட்வான்ஸ்டு இடம் கையில் இருந்தால், ஏறக்குறைய இல்லை. ரேடியாலஜி எங்கே படித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். வேலைப்பளு, வாடகை, உடன் இருப்பவர்களின் குணம் இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: இப்போது பிரிலிம் மெடிசினில் இருக்கிறேன், அடுத்த ஆண்டு இடம் இல்லை. நேர்காணல் அழைப்பும் குறைவு. என்ன செய்வது? (அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பி)

ஏற்கெனவே இங்கே பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் என்று "ஆர்" வகை இடங்கள் மேட்சில் உண்டு. அவற்றில் இரண்டாம் ஆண்டில் அந்த ஜூலையிலேயே சேரலாம். விண்ணப்பத்தில் அவற்றைத் தேடிப் பிடித்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஸ்டெப் 3 எழுதவில்லையென்றால் தேதி எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் துறை மாறுகிறவர்களாலும் விலகுகிறவர்களாலும் இரண்டாம் ஆண்டு மெடிசின் இடங்கள் நடுவில் காலியாகும். உங்கள் மருத்துவமனையிலேயே அது நடக்கலாம். அப்படி நடக்கும்போது பயிற்சி இயக்குநரின் நினைவுக்கு முதலில் உங்கள் பெயர் வர வேண்டும்.

பலர் அவமானமாக நினைத்து இயக்குநரிடம் வாய் திறப்பதில்லை. நானும் பார்த்திருக்கிறேன், மார்ச் வரை மறைத்துவைத்து மனம் நொந்தவர்களை. உங்களை நாள்தோறும் வார்டில் பார்க்கிறவர் அவர். அவருடைய ஒரு தொலைபேசி அழைப்பு உங்கள் பத்து மின்னஞ்சலுக்குச் சமம். நாளை காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவருடைய செயலாளரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். போகும்போது உங்கள் தன்விவரக் குறிப்பையும், விண்ணப்பித்த இடங்களின் பட்டியலையும் அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள்.