விசாரணைக் கட்டளை வந்தால் எங்கே போவது?

கேள்வி: எங்கள் மீன் பதனிடும் கம்பனி இரண்டு வருடமாக நட்டத்தில் ஓடுகிறது. பங்குதாரர் ஒருவரின் முறைப்பாட்டில், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, கணக்குகளை விசாரிக்கப் பரிசோதகரை நியமித்துக் கட்டளை வந்துள்ளது. திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் தடை வாங்கலாமா?
– பணிப்பாளர் ஒருவர், உப்புவெளி

பதில்: இங்கே முடியாது. எழுத்தாணை என்பது அரச அதிகாரியின் கட்டளையை ரத்துச் செய்யவோ தடுக்கவோ நீதிமன்றம் இடும் ஆணை. மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபை நிரலில், அதாவது மாகாண சபைகளுக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில், உள்ளவற்றுக்கு மட்டுமே. வியாபாரக் கம்பனிகள் அதில் அடங்கா. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும்.

'எங்களைக் கேட்கவில்லை' என்பதை முதல் வாதமாக வைக்காதீர்கள். பரிசோதகரை நியமிக்கும் கட்டத்தில் கம்பனியைக் கேட்கத் தேவையில்லை என்று 1978இல் நோர்வெஸ்ட் ஹோல்ஸ்ட் வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிக்கையில் உங்களைக் குறைகூற முன்னர் பதில் சொல்ல இடம் தரவேண்டும் என்பது வேறு விடயம். அது பிறகு வரும்.

பலமான வாதம் ஒன்றுதான்: கட்டளையிட்டவர் முன்னால் அன்று என்ன இருந்தது? 1966இல் பேரியம் கெமிக்கல்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இப்படியான கட்டளையை ரத்துச் செய்தது. தாமதம், பிழையான திட்டமிடல், நட்டம், பணிப்பாளர்கள் விலகியமை ஆகியவைதான் காட்டப்பட்ட காரணங்கள். நிர்வாகம் மோசம் என்பதிலிருந்து மோசடியை ஊகிக்க முடியாது என்றது பெரும்பான்மை. ஐந்து நீதியரசரில் மூவர்தான் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். இந்தத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தா. ஆனால் சட்டத்தரணி எடுத்துக்காட்டலாம். உங்கள் கட்டளையில் நட்டம் மட்டும் சொல்லப்பட்டிருக்கிறதா, பணம் எங்கே போனது என்ற சந்தேகமும் இருக்கிறதா? பின்னது இருந்தால் வழக்கு கடினம்.

பெரும்பாலும் சறுக்குவது பத்திரங்களில். 1990ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்ற விதிகளின்படி மனுவோடு சத்தியக் கடதாசியும், ஆவணங்களின் மூலமோ அத்தாட்சிப்படுத்திய பிரதியோ வேண்டும். வெறும் போட்டோ பிரதியை வைத்தால் அதற்காகவே மனு தள்ளுபடியாகலாம். கட்டளை வந்த தபால் உறையையும் எறியாதீர்கள். அதன் முத்திரைத் திகதிதான் நீங்கள் தாமதிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. எழுத்தாணைக்குக் குறித்த நாள் எல்லை இல்லாவிட்டாலும், காரணமில்லாத தாமதம் மனுவைக் கொன்றுவிடும். அடிப்படை உரிமை மனுவென்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகவேண்டும்.

பங்குதாரரின் முறைப்பாட்டையோ, அவருக்கு நீங்கள் எழுதிய பதிலையோ மனுவில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் நீதிமன்றம் மிச்சத்தைக் கேட்காது. இடைக்காலத் தடை கிடைக்கும்வரை பேரேடுகளைக் கொடுக்க மறுக்கவும் வேண்டாம். கையளிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்கிவையுங்கள்.