கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே நாளில் மூன்று படம்

கேள்வி: ஊட்டியில் இருக்கும் என் தோழி, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடு என்கிறாள். அதுவும் நீளமான பதிப்பாம். அவள் அதில் ஊறிப்போனவள், நான் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. மாயாஜாலப் படம் என்றாலே பாதியில் தூங்கிவிடுவேன். போகாவிட்டால் வருத்தப்படுவாள். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: போங்கள். ஆனால் அதற்கு முன்னால் போனில் ஒரு பேரம் பேசிவிடுங்கள். தியேட்டரில் வந்த பதிப்பு மூன்றும் முறையே 178, 179, 201 நிமிடம், கூட்டினால் 9 மணி 18 நிமிடம். உங்கள் தோழி சொல்லும் நீளமான பதிப்பு 11 மணி நேரத்தைத் தாண்டும். அது ஏற்கெனவே நாலைந்து தடவை பார்த்து, இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று ஏங்குகிறவர்களுக்கு. முதல் தடவை பார்க்கிறவருக்குச் சின்னதே தாராளம், அதிலேயே நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு அவள் ஒரு பதில் வைத்திருப்பாள். சாருமான் என்ற மந்திரவாதியின் முடிவு தியேட்டர் பதிப்பில் கிடையாது, மூன்றாவது படத்தில் அவர் வரும் காட்சியையே வெட்டிவிட்டார்கள், நடித்த கிறிஸ்டோபர் லீக்கே அதில் பெரிய மனவருத்தம். நியாயமான பேச்சுதான். அந்தக் காட்சியை மட்டும் நீளமான பதிப்பிலிருந்து தனியாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவாள்.

மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பது கிறுக்குத்தனம் என்று நினைக்காதீர்கள். வேறு எந்த மூன்று படத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னாலும் நானே வேண்டாம் என்பேன், இது அப்படியல்ல. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மூன்றையும் நியூசிலாந்தில் ஒரே மூச்சாக எடுத்துவிட்டு 2001, 2002, 2003 என்று வருஷத்துக்கு ஒன்றாக வெளியிட்டார். முதல் படம் நடுவழியில் அறுந்த மாதிரி முடியும், இரண்டாவதற்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. இடைவெளி விட்டுப் பார்த்தால் யார் யாருடன் எங்கே போனார்கள் என்பதே மறந்துபோகும். மூன்றாவது வெளியாவதற்கு முந்தின நாள், 2003 டிசம்பர் 16 அன்று, அமெரிக்காவில் பல தியேட்டர்களில் மூன்றையும் வரிசையாக ஓட்டினார்கள், ஜனங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். உங்கள் தோழி தனி ஆள் இல்லை.

கதையை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். ஒரு மோதிரம் இருக்கிறது, அது யார் கையில் இருந்தாலும் அவர்களைக் கெடுக்கும், அதைக் கொண்டுபோய் எரிமலையில் போட வேண்டும், போகிறவன் ஊரிலேயே குள்ளமான இனத்தைச் சேர்ந்த ஒரு சாது. அவ்வளவுதான். பெயர்கள்தான் படுத்தும். சாரோன் வேறு, சாருமான் வேறு: முதலாமவன் பெரிய எதிரி, பெரும்பாலும் நெருப்புக் கண்ணாக மட்டுமே தெரிவான், இரண்டாமவர்தான் நான் மேலே சொன்ன வெள்ளைத் தாடி மந்திரவாதி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். சப்டைட்டில் போடச் சொல்லுங்கள். வசனத்தை முன்கூட்டியே சொல்லக் கூடாது, “இப்ப பாரு, இப்ப பாரு” என்று கையைப் பிடித்து உலுக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள், ஊறிப்போனவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது.

தூக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. காலை 8 மணிக்கு ஆரம்பித்தால் 11 மணிக்கு முதல் படம் முடியும். டீயும் வர்க்கியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு (வர்க்கியைப் படம் ஓடும்போது கடிக்காதீர்கள், அமைதியான காட்சியில் வீடே நொறுங்குகிற சத்தம் வரும்) உடனே இரண்டாவதைப் போடுங்கள். அதன் கடைசிப் பகுதி கொட்டும் மழையில் இரவெல்லாம் நடக்கும் கோட்டைச் சண்டை, அதில் யாரும் தூங்க முடியாது. சாப்பாடு அதற்கப்புறம், இரண்டரை மணிக்குமேல். முதலிலேயே சாதம் சாப்பிட்டுக் கம்பளிக்குள் போனீர்கள் என்றால் நான் பொறுப்பில்லை. மூன்றாவது மாலை 6.30 வாக்கில் முடியும். முடிந்துவிட்டது என்று நீங்கள் எழுந்திருப்பீர்கள், முடிந்திருக்காது. மறுபடி எழுந்திருப்பீர்கள், அப்போதும் முடிந்திருக்காது. உட்கார்ந்தே இருங்கள்.

சின்ன பதிப்புக்கு நான் இவ்வளவு வாதாடுவதற்கு இன்னொரு காரணம் பஸ். நீளமானதைப் போட்டால் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். தொட்டபெட்டா, கட்டபெட்டு பக்கமெல்லாம் பனிமூட்டம் இறங்கினபின் பயணம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கவேண்டிய ஊர் என்றால் கரடியும் காட்டெருமையும் வேறு. நீளமானதுதான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தால் ராத்திரி அங்கேயே தங்குகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றுத் துணியோடு போங்கள்.

கேள்வி: இதேபோல் தமிழில் பழைய மாயாஜாலப் படங்களாகப் போட்டு, அப்பா அம்மாவோடும் நண்பனின் குடும்பத்தோடும் ஒரு நாள் முழுக்கப் பார்க்க ஆசை. எதைப் போடலாம்?
– ஒரு வாசகர், நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: ‘பாதாள பைரவி’ (1951), ‘மாயா பஜார்’ (1957), ‘பட்டணத்தில் பூதம்’ (1967). இதே வரிசையில். முதல் இரண்டிலும் ரங்காராவ் இருக்கிறார், ஒன்றில் மந்திரவாதி, இன்னொன்றில் கடோத்கசன், அந்த மனிதரைப் பார்க்கவே ஒரு நாளை ஒதுக்கலாம். ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டில் லட்டுகள் தானாகப் பறந்து அவர் வாய்க்குள் போகும் இடத்தைக் குழந்தைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம், ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமராவை வைத்தே செய்த வித்தை. அந்தப் பாட்டு முடிந்த கையோடு எல்லோருக்கும் பசிக்கும், சமையலை முன்னாலேயே முடித்து வையுங்கள்.

மழைக்காலம் என்றால் மரம் விழுந்து கரண்ட் போவது உங்கள் ஊரில் சகஜம், யுபிஎஸ் இல்லாவிட்டால் சீட்டுக்கட்டாவது இருக்கட்டும். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: இருட்டு வேண்டும் என்று ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைக்கவே கூடாது. மூடின அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டே ஆட்கள் போய்விடுவார்கள். ஸ்வெட்டரும் கம்பளியும் போதும்.

கேள்வி: “இந்த வயசில் பூதப் படமா?” என்று என் கணவர் கேலி செய்கிறார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்துக்கு 11 ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, பதினொன்றையும் வாங்கியது என்று சொல்லிப் பாருங்கள். மசியமாட்டார். ‘பட்டணத்தில் பூதம்’ படத்தைப் போட்டுவிட்டு, அவரைக் கூப்பிடாமல், சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஜாவர் சீதாராமன் ஜாடியிலிருந்து வெளியே வந்து “ஜீபூம்பா” என்று ஆரம்பித்ததும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.