வாசகர் கேள்வி பதில்: பிளாஸ்டிக் காருக்கு பிரைமர் வேணுமா?

கேள்வி: அண்ணே, மவனுக்கு லீவுக்கு 1/24 ஸ்கேல் பிளாஸ்டிக் கார் கிட் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். பாடி சிவப்பு பிளாஸ்டிக், அவனுக்கு மஞ்ச கலர்தான் வேணுமாம். கலருக்கு முன்னால அடிக்கோட்டா அடிக்கிற பிரைமரே பிளாஸ்டிக்குக்கு தேவையில்லன்னு பெயிண்ட் கடைக்காரர் சொல்லுதாரு, ஒர்க்‌ஷாப்புல நிக்கிற மச்சான் வண்டிக்கு அடிக்கிற பிரைமர் கேன எடுத்து வச்சிருக்கான். யாரு சொல்லுதது சரி?
ஒரு வாசகர், தக்கலை

பதில்: முதல்ல மச்சான் எடுத்து வச்ச கேன கொஞ்சம் தள்ளி வைங்க. கிட்ல வாறது பாலிஸ்டைரீன். தெர்மாகோலும் அதே சாமான்தான், பொங்க வச்சு எடுத்தது, அதுல பெட்ரோல் ஊத்தினா கரைஞ்சு போறத பாத்திருப்பீங்கல்லா, வண்டி பிரைமர்ல உள்ள காட்டமான தின்னரும் பாடிய அப்படித்தான் அரிக்கும், முழுசா கரையாட்டாலும் மேல பொடிப்பொடியா வெடிப்பு விழும், பொறவு எவ்வளவு தேச்சாலும் பழைய வழுவழுப்பு வராது. எல்லா கேனும் அப்படி இல்ல, ஆனா அடிக்கணும்னா பாகங்க ஒட்டியிருந்த பிரேம்ல அடிச்சு ஒரு ராத்திரி வச்சுப் பாத்துட்டுத்தான் பாடிகிட்ட போகணும். மாடல் செய்யவே தாமியா, மிஸ்டர் சர்ஃபேசர்னு பிரைமர் வருது, ஆன்லைன்ல கிடைக்கும், வெல கூடதான், ஆனா பாடி ஒண்ணுதான இருக்கு.

கடைக்காரர் சொன்னதுலயும் பாதி நியாயம் இருக்கு. பாலிஸ்டைரீன்ல லாக்கர் பெயிண்ட் (காட்டமான தின்னர்ல கலக்குறது) நேரடியாவே கடிச்சுப் பிடிச்சுக்கிடும். வெள்ள பாடியில கருநீலம் அடிக்கிறீங்கன்னா பிரைமர் இல்லாமலும் ஒப்பேத்தலாம். (தண்ணியில கலக்குற அக்ரிலிக் பெயிண்டுன்னா அது நடக்காது, நகம் பட்டாலே உரிஞ்சு வரும்.) ஆனா நீங்க கேக்குறது சிவப்பு மேல மஞ்ச. மஞ்சளுக்கு அடியில உள்ளத மறைக்கிற சக்தி ரொம்ப கம்மி, நேரா அடிச்சா ஆரஞ்சா தெரியும், மறைக்கணும்னு கோட்டு மேல கோட்டா அடிச்சா கதவு இடுக்கெல்லாம் தூந்துபோவும். அது போக சில சிவப்பு பிளாஸ்டிக்ல சாயம் மேல கசிஞ்சு வரும், அதுக்கு நடுவுல சில்வர் ஒரு கோட்டு அடிச்சுட்டு அதுக்கு மேல வெள்ள பிரைமர் அடிக்கிறது நல்லது. உங்களுக்கு என் பதில், கண்டிப்பா பிரைமர் வேணும், வெள்ளையோ பிங்க்கோ, கிரே வேண்டாம், மஞ்ச மங்கிப் போவும்.

எனக்கு பிரைமர் பிடிக்கிறதுக்கு இன்னொரு காரணம் உண்டு. மினுங்குற பிளாஸ்டிக்ல அச்சு சேந்த கோடும் சின்னச் சின்ன குழியும் கண்ணுல படாது, ஒரே நெறமா பிரைமர் விழுந்ததும் அவ்வளவும் பளிச்சுனு தெரியும், அப்பதான் 1000 நம்பர் வாட்டர் பேப்பர தண்ணியில நனைச்சு பைய தேச்சு சரியாக்க முடியும். மவன இந்த வேலையில கண்டிப்பா சேத்துக்கிடுங்க, அவனுக்கு கை பழகுறதே இதுலதான்.

அடிக்கதுக்கு முன்னால பாடிய பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு கழுவி நல்லா உலர விடணும், அச்சுல ஒட்டாம இருக்க போட்ட எண்ணெய் அதுல இருக்கலாம். பொறவு ஒரு சாண் தூரத்துல பிடிச்சு லேசு லேசா ரெண்டு மூணு கோட்டு போதும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இதுக்கு மேல பாக்க வேண்டியது வானத்தத்தான். ரெண்டு பருவமழையும் வாங்குற ஊரு, ஆனி ஆடி சாரல்லயோ ஐப்பசி மழையிலயோ லாக்கர் அடிச்சா காத்துல உள்ள ஈரம் பெயிண்ட்ல எறங்கி வெளுத்துப் போவும், மஞ்ச கோட்டுக்கும் இது உண்டு. லீவு சித்திர வைகாசின்னா சாயங்காலம் கோடமழ திரண்டு வரும், அதனால காலையில வெயில் ஏறினப்பறம் நிழல்ல வச்சு அடிங்க. ஆரல்வாய்மொழி பக்கம் உள்ளவங்களுக்கு காத்துதான் எதிரி, தூசி வந்து அப்பிரும், அட்டப்பெட்டிய சாச்சு வச்சு அதுக்குள்ள அடிக்கணும். எந்த ஊரானாலும் ஜன்னல் தொறந்திருக்கணும், பையனுக்கும் உங்களுக்கும் மாஸ்க் வேணும்.

கண்ணாடி பாகத்துல மட்டும் பிரைமர் பட்டுராம பாத்துக்கிடுங்க, அது போனா திருப்பி எடுக்க முடியாது. குரோம் பாகத்தயும் அப்படியே விட்டுருங்க.