கேட்வே டோக்கன் கேள்விகள்: வடசென்னை நண்பர்களுக்குப் பதில்

கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேட்வே என்பது ஆப்புக்கும் உள்ளே இருக்கும் சர்வீஸ்களுக்கும் நடுவே நிற்கும் வாசல், டோக்கன் என்பது லாகின் செய்தவருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. ரியாக்ட் சந்தேகங்களை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

தண்டையார்பேட்டை: அண்ணா, ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) ஏபிஐ கேட்வேயில் லாம்ப்டா ஆத்தரைசர் (டோக்கனைச் சோதிக்கும் சிறு நிரல்) போட்டிருக்கிறேன். ஒரே டோக்கனில் ஆர்டர் பக்கம் வருகிறது, உடனே ப்ரொஃபைல் அடித்தால் 403 (அனுமதி மறுப்பு). கொஞ்ச நேரம் விட்டு ப்ரொஃபைலை முதலில் அடித்தால் அது வருகிறது, ஆர்டர் 403. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய் இல்லை தம்பி, கேஷ் (cache), அதாவது எடுத்து வைத்த பழைய பதில். ரெஸ்ட் ஏபிஐ வகையில் ஆத்தரைசர் தரும் பாலிசியை (எந்தப் பாதைக்கு அனுமதி என்ற குறிப்பை) கேட்வே அந்த டோக்கனின் பேரில் எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் மாற்றாவிட்டால் 300 விநாடி, அதிகபட்சம் 3600. நீங்கள் காப்பி அடித்த மாதிரிக் கோட், அந்த நேரத்தில் வந்த ஒரு பாதைக்கு மட்டும் அனுமதி எழுதித் தருகிறது. அடுத்த பாதைக்கு வரும்போது லாம்ப்டா ஓடுவதே இல்லை, பழைய பாலிசியைத்தான் கேட்வே பார்க்கும், அதில் ப்ரொஃபைல் கிடையாது, 403. கேஷை 0 ஆக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாம்ப்டா ஓடும், நேரமும் காசும் போகும். அந்தப் பயனருக்கு உரிய பாதைகள் எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் எழுதுவதுதான் சரி. சோம்பல்பட்டு எல்லாவற்றுக்கும் ஸ்டார் (*) போட்டால் அட்மின் பாதையும் திறந்துவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எச்டிடிபி ஏபிஐ வகையைப் பாருங்கள், அதில் ஜேடபிள்யூடி (சிக்னேச்சர் உள்ள டோக்கன் வகை) ஆத்தரைசர் உள்ளேயே இருக்கிறது, இஷ்யூயரும் (டோக்கனைக் கொடுப்பவர்) ஆடியன்ஸும் (டோக்கன் எந்த ஆப்புக்கு என்பது) கொடுத்தால் போதும்.

ராயபுரம்: 401, 403 என்ன வித்தியாசம்?

401 என்றால் நீ யாரென்று தெரியவில்லை. 403 என்றால் தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை.

காசிமேடு: மீன் ஆர்டர் ஆப் செய்கிறோம். கடைக்காரர் மொபைல் நம்பர், முகவரியை டோக்கனுக்குள்ளேயே வைத்தால் டேட்டாபேஸ் பக்கமே போக வேண்டாமே?

வைக்காதீர்கள். ஜேடபிள்யூடியின் நடுப்பகுதி வெறும் பேஸ்64 (எழுத்து மாற்றம்தான், பூட்டு இல்லை), கையில் கிடைத்த எவனும் பிரித்துப் படிப்பான். சிக்னேச்சர், யாரும் மாற்றவில்லை என்று சொல்லும், எதையும் மறைக்காது. பயனர் ஐடி, ஸ்கோப் (எதெல்லாம் செய்யலாம் என்பது), காலாவதி, இவ்வளவு போதும்.

பெரம்பூர்: டோக்கனை ஒரு வருடத்துக்குக் கொடுத்துவிடலாமா? அடிக்கடி லாகின் கேட்டால் திட்டுகிறார்கள்.

மறுபடியும் இதுவா. ஆக்சஸ் டோக்கன் சில நிமிடங்கள்தான், திட்டு வாங்காமல் இருக்க, லாகின் கேட்காமலே புது ஆக்சஸ் டோக்கன் வாங்கித் தரும் ரெஃப்ரெஷ் டோக்கன் இருக்கிறது. போன் தொலைந்தால் அந்த ஒரு வருட டோக்கனை எப்படி நிறுத்துவீர்கள்?

திருவொற்றியூர்: கேட்வேயில் பார்த்த டோக்கனை சர்வீஸில் எதற்கு மறுபடி பார்ப்பது? வியாசர்பாடி நண்பர் பிடிவாதமாக இருக்கிறார், எனக்கு இது வீண் வேலையாகத் தெரிகிறது.

வியாசர்பாடி பக்கம்தான் நான். மெட்ரோ கேட் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விடும், நீங்கள் பெண்கள் பகுதியில் போய் உட்கார்ந்தால் அதற்குத் தெரியாது. டோக்கன் செல்லுமா என்பது கேட்வேயின் வேலை. 1042ஆம் ஆர்டர் உங்களுடையதா என்பது ஆர்டர் சர்வீஸுக்குத்தான் தெரியும். எண்ணை 1043 என்று மாற்றிப் பாருங்கள், அடுத்தவர் முகவரி வந்தால் கதை முடிந்தது. ஓவாஸ்ப் (மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட 2023 ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் முதல் இடம் இந்த ஓட்டைக்குத்தான், 2019லும் அதேதான்.

அதற்குத் திருவொற்றியூர் நண்பர், "அது சரி, சிக்னேச்சரை ஏன் இரண்டு தடவை?" என்றார். கேட்வேயைச் சுற்றிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால்? பப்ளிக் கீயை (சிக்னேச்சரைச் சரிபார்க்கும் சாவியை) கேஷில் வைத்திருந்தால் அந்தச் சோதனை ஒரு டேட்டாபேஸ் அழைப்பு அளவுக்குக்கூட நேரம் எடுக்காது. முடியவே முடியாது என்றால், கேட்வே மட்டுமே சர்வீஸைத் தொட முடியும் என்று நெட்வொர்க்கிலாவது பூட்டுங்கள், வெளியிலிருந்து வரும் பயனர் ஐடி ஹெடரை (கோரிக்கையின் தலைக்குறிப்பை) கேட்வே அழித்துவிட்டுத் தானே போட வேண்டும். "இன்டர்னல்தானே" என்று மறுபடி வராதீர்கள், இன்டர்னல் என்பது பாதுகாப்பு இல்லை.

மாதவரம்: டோக்கன் ஹெடரில் இருக்கும் சிக்னேச்சர் ஆல்கரிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. திருட வருபவன் 'நன்' (none, எதுவும் இல்லை) என்று எழுதி அனுப்புவான், சிக்னேச்சரே இல்லாமல் உள்ளே வருவான். எது செல்லும் என்பதை உங்கள் பக்கம் நிலையாக எழுதி வையுங்கள். ஆடியன்ஸையும் பாருங்கள், வேறு ஆப்புக்குக் கொடுத்த டோக்கன் உங்களிடம் செல்லக்கூடாது.

வண்ணாரப்பேட்டை: டோக்கனுக்குள் ஆதார் நம்பர்...

காசிமேட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

எண்ணூர்: போஸ்ட்மேனில் (ஏபிஐ சோதிக்கும் கருவி) வருகிறது, பிரவுசரில் மட்டும் கார்ஸ் எர்ரர் (வேறு தளத்தின் பதிலைப் படிக்கப் பிரவுசர் போடும் தடை).

பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பும், அதில் டோக்கன் இருக்காது. அந்த மெதட்டில் ஆத்தரைசரை எடுத்துவிடுங்கள். அப்புறம், ரெஸ்ட் ஏபிஐயில் ஆத்தரைசர் மறுத்து கேட்வே தரும் 401லும் 403லும் கார்ஸ் ஹெடர் தானாக வராது, கேட்வே ரெஸ்பான்ஸில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையில் காலாவதியான டோக்கனுக்கும் பிரவுசர் கார்ஸ் என்றே காட்டும், நீங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.